கயிற்று அலை சுவரில் மோதினால் ஏன் தலைகீழாகத் திரும்புகிறது?

மழைக்குருவி

வணக்கம். மகள் பதினொன்றாம் வகுப்பு. நேற்று இரவு அலைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அம்மா, கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டிவிட்டு மறுமுனையை ஒரு உதறு உதறினால், மேடாகப் போகிற அலை பள்ளமாகத் திரும்புமாம். முனையைக் கட்டாமல் விட்டால் மேடாகவே திரும்புமாம். ஏன்?"

நான் படித்தது வணிகவியல். டியூஷனில் கேட்டதற்கு, "கட்டிய முனை என்றால் 180 டிகிரி, கட்டாத முனை என்றால் 0 டிகிரி, ஒரு மார்க் கேள்வி, மனப்பாடம் செய்துகொள்" என்றார்களாம். அவள் மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வந்தது மேடா பள்ளமா என்று சுவருக்கு எப்படித் தெரியும்? கணக்கு இல்லாமல் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும். கொஞ்சம் கணக்கு என்றால் தாங்கிக்கொள்வேன்.

ஒருவரி

சுவரில் போய் முட்டிக்கொண்டால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

பழைய_லேப்

நல்ல கேள்வி அம்மா. முப்பது வருடம் பள்ளி ஆய்வகத்தில் இந்தக் கயிற்றை உதறியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அசையாமல் இருப்பது. மேடு சுவர் அருகே வரும்போது, கயிறு அந்த முடிச்சை மேலே இழுக்கிறது. முடிச்சு மேலே போகக்கூடாது. அப்படியென்றால் சுவர் அதே அளவு விசையோடு கயிற்றைக் கீழே இழுத்தாக வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி, வேறொன்றும் இல்லை. சரி, ஒரு கயிற்றின் முனையைச் சட்டென்று கீழே இழுத்தால் என்ன ஆகும்? உங்கள் கை கீழ்நோக்கி உதறினால் என்ன ஆகுமோ அதுதான். ஒரு பள்ளம் கிளம்பும். திரும்பி வருவது, சுவர் தன் பங்குக்கு உதறிய உதறல்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். முடிச்சு இருக்கும் இடத்தில் எந்த நேரத்திலும் மொத்த அசைவு சுழியம். அங்கே வந்துகொண்டிருக்கும் அலை 3 செ.மீ. மேலே தூக்கப் பார்க்கிறது என்றால், அதே கணத்தில் இன்னொரு அலை 3 செ.மீ. கீழே தள்ளினால்தான் கணக்கு நேராகும். அந்த இன்னொன்றுதான் திரும்பும் அலை. கரும்பலகையில் இதை வரையும்போது, சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு தலைகீழ் அலை எதிரே வருவதுபோல வரைவேன். இரண்டும் சுவரில் சந்தித்து ஒன்றையொன்று கடந்து போகும். பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

மழைக்குருவி

சார், மிக்க நன்றி. சுவர் உதறுகிறது என்பது புரிந்தது. ஆனால் இப்போது இன்னொன்று குடைகிறது. கட்டாத முனையில் அலையைத் திருப்பி அனுப்ப யாருமே இல்லையே? அங்கே போன அலை அப்படியே போயிருக்க வேண்டியதுதானே? எதற்குத் திரும்பி வருகிறது?

பழைய_லேப்

எங்கே போகும்? போவதற்குக் கயிறு இல்லையே!

கயிற்றின் நடுவில் இருக்கும் ஒரு துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பது அதை மேலே இழுக்கிறது. முன்னால் இருப்பது அதை "போதும், இறங்கு" என்று கீழே இழுக்கிறது. இந்த இரண்டாவது இழுப்பில்தான் இது தன் ஆற்றலை முன்னால் இருப்பதற்குக் கொடுத்துவிட்டு அடங்குகிறது. கடைசித் துண்டுக்கு முன்னால் யாரும் இல்லை. பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால், மற்ற துண்டுகள் எழும்பிய உயரத்தைப் போல இரண்டு மடங்கு எழும்பும். அப்படி எழும்பும்போது தனக்குப் பின்னால் இருக்கும் துண்டையும் சேர்த்து மேலே தூக்கும். அதுவும் ஒரு உதறல்தானே? மேல்நோக்கி உதறினால் மேடு கிளம்பும். அதுதான் திரும்பி வருகிறது.

அந்த இரண்டு மடங்கை மகளிடம் சொல்லுங்கள். பாடத்தில் வரும் படத்தை விட அதுதான் நினைவில் நிற்கும்.

நேர்கோடு

மேலே சொன்னது சரி. ஆனால் கட்டிய முனை, கட்டாத முனை இரண்டும் ஓரங்கள்தான். உலகில் பெரும்பாலும் நடப்பது நடுவில். மெல்லிய கயிற்றின் முனையில் தடித்த கயிற்றை முடிந்தால்? கொஞ்சம் திரும்பும், மிச்சம் போகும். எவ்வளவு என்பதற்கு ஒரே கணக்குதான்.

ஒவ்வொரு ஊடகத்துக்கும் இம்பீடன்ஸ் என்று ஒன்று உண்டு. அசைக்கப் போனால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதன் அளவு. வந்த அலையின் வீச்சை, அதாவது உயரத்தை, 1 என்று வைத்தால், திரும்பும் அலையின் வீச்சு = (முதலாவதின் முரண்டு − இரண்டாவதின் முரண்டு) ÷ (இரண்டின் கூட்டல்). சுவர் என்றால் இரண்டாவது முடிவிலி, விடை −1, கழித்தல் குறி என்றால் தலைகீழ். வெறும் முனை என்றால் இரண்டாவது சுழியம், விடை +1. இரண்டும் சமம் என்றால் விடை 0, எதுவுமே திரும்பாது. மொத்தப் பாடமும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

கயிற்றுக்கு: இழுவிசை ஒன்றேதான், ஆகவே முரண்டு என்பது மீட்டருக்கான எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தடித்த கயிறு நான்கு மடங்கு கனம் என்றால் முரண்டு இரண்டு மடங்கு. (1−2)÷(1+2) = −1/3. மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பள்ளமாகத் திரும்பும். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் மேடாக உள்ளே போகும்.

வடமராட்சி

நானும் கற்பிப்பவன்தான், இலங்கையில், உயர்தர வகுப்பு. எங்கள் பக்கத்துப் புத்தகங்களில் இதைத் தெறிப்பு என்போம். உங்களுக்கு ஒளி என்றால் எதிரொளிப்பு, ஒலி என்றால் எதிரொலிப்பு. கயிற்றுக்கு எந்த எழுத்தைப் போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தெறிப்பு என்றால் எல்லாவற்றுக்கும் போதும். சும்மா ஒரு பெருமை, கோபிக்க வேண்டாம்.

விடயத்துக்கு வருகிறேன். நேர்கோடு சொன்னதைத் திருப்பிப் போட்டால் மாணவர்கள் எப்போதும் தடுமாறும் இடம் ஒன்று வரும். தடித்த கயிற்றிலிருந்து மெல்லிய கயிற்றுக்கு அலை போகட்டும். தெறிப்பது +1/3. உள்ளே போவது 4/3. அதாவது வந்ததை விடப் பெரிய அலை உள்ளே போகிறது. "சேர், சக்தி எங்கிருந்து வந்தது?" என்று வகுப்பே எழுந்து நிற்கும்.

எங்கிருந்தும் வரவில்லை. உயரம் கூடினாலும் மெல்லிய கயிற்றை ஆட்டுவதற்குச் சக்தி குறைவாகவே தேவை. சக்தி என்பது முரண்டு × வீச்சின் வர்க்கம். பாதி முரண்டு, 16/9 வர்க்கம், பெருக்கினால் 8/9. தெறித்தது 1/9. கூட்டினால் ஒன்று. மெல்லியதிலிருந்து தடித்ததற்குப் போனாலும் இதே 8/9தான் உள்ளே போகும், செய்து பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வாசல் ஒரே அகலம்தான்.

மழைக்குருவி

செய்து பார்த்தேன். 2 × 4/9 = 8/9. வணிகவியல் படித்தவளுக்கு வரவு செலவு சரியாக வந்தால் ஒரு சந்தோஷம்.

குழலூதி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறேன், அதனால் ஒலி பற்றிக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். அதில் நேர் எதிராக அல்லவா இருக்கிறது? ஒரு பக்கம் மூடிய குழாயில், மூடிய முனையில் மோதும் அழுத்தம் தலைகீழாகாமல் அப்படியே திரும்பும் என்றும், திறந்த முனையில்தான் தலைகீழாகும் என்றும் இருக்கிறது. மூடிய முனைதானே சுவர்? சுவர் என்றால் தலைகீழ் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். யார் சொல்வது சரி?

நேர்கோடு

நீங்கள் எதை வாசித்தீர்களோ, மறுபடி வாசியுங்கள். அசையாத முனை என்றால் 180 டிகிரி. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

பழைய_லேப்

தம்பி, இடம் இருக்கிறது. குழலூதி சரியாகத்தான் வாசித்திருக்கிறார். நீங்களும் சரி. இந்த இழையிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். இத்தனை நேரம் நான் அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

"தலைகீழாகிறது" என்றால் எது தலைகீழாகிறது? காற்றில் ஒலி போகும்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே போகின்றன. காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் நகர்கின்றன. அழுத்தமும் கூடிக் குறைகிறது. மூடிய முனையில் காற்றால் சுவருக்குள் நகர முடியாது. ஆகவே நகர்வு சுழியம். நகர்வு என்ற கணக்கில் பார்த்தால் அலை தலைகீழாகத் திரும்புகிறது, கயிறு போலவே. ஆனால் நகர முடியாமல் சுவரோரம் நெருக்கியடித்து நிற்கும் காற்றில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அழுத்தம் என்ற கணக்கில் பார்த்தால் அலை நேராகவே திரும்புகிறது. நெரிசல் நெரிசலாகவே வரும். பேருந்தில் பின்னால் இருப்பவர்கள் தள்ளும்போது, முன்கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்பவருக்கு நகர்வு இல்லை, நசுங்கல்தான் அதிகம்.

திறந்த முனையில் இது அப்படியே மாறும். வெளியே பரந்த காற்று. அங்கே அழுத்தம் ஊர் அழுத்தமாகத்தான் இருக்க முடியும். நெரிசல் வாயை அடைந்ததும் காற்று தடையின்றி வெளியே பீறிடுகிறது, பீறிட்ட வேகத்தில் தேவைக்கு அதிகமாகவே வெளியேறிவிடுகிறது. பின்னால் ஒரு வெற்றிடம் போன்ற குறைவு. அந்தக் குறைவுதான் குழாய்க்குள் திரும்பிப் போகிறது.

ஆக, "180 டிகிரி" என்று எழுதும்போது எதன் 180 டிகிரி என்று சேர்த்து எழுதாவிட்டால் விடை பாதிதான்.

நேர்கோடு

ஒப்புக்கொள்கிறேன். நான் நகர்வை மட்டும் மனதில் வைத்துச் சொன்னேன். குழலூதி, மன்னிக்கவும், அப்படிக் கறாராகச் சொல்லியிருக்க வேண்டாம்.

குழலூதி

பரவாயில்லை. குழலின் திறந்த முனையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒலி மோதித் திரும்புகிறது என்பதே எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இல்லாத சுவரில் மோதுகிறது! அது திரும்பாவிட்டால் குழலில் சுரமே நிற்காது. அப்புறம், திரும்பும் இடம் விளிம்பிலேயே இல்லை, கொஞ்சம் வெளியே தள்ளி இருக்கிறது என்பார்கள். குழாய் ஆரத்தில் சுமார் 0.6 பங்கு. குழல் செய்பவர்கள் கணக்குப் போடுவதில்லை, காதால் அறுத்துச் சரி செய்கிறார்கள், ஆனால் அறுப்பது இதைத்தான்.

கரையோரன்

நான் துறைமுகக் கட்டுமான வேலையில் இருக்கிறேன், ஊர் புதுச்சேரி. பழைய_லேப் சார் சொன்ன "இரண்டு மடங்கு" எங்களுக்குத் தினப்படி தலைவலி.

செங்குத்தான கான்கிரீட் சுவரில் கடல் அலை மோதினால் தண்ணீர் சுவருக்குள் போக முடியாது. பக்கவாட்டு நகர்வு சுழியம். மேலே எழும்புவதற்குத் தடை இல்லை, ஆகவே உயரம் இரண்டு மடங்கு. ஒரு மீட்டர் அலை சுவரோரம் இரண்டு மீட்டராக ஏறி இறங்கும். குழாயின் மூடிய முனையில் அழுத்தம் என்றால் இங்கே உயரம். அதே கதை. போன அலையும் வந்த அலையும் சேர்ந்து நின்ற இடத்திலேயே குதிக்கும். சிறிய படகைச் செங்குத்துச் சுவர் ஓரமாகக் கட்டியவர்களைக் கேட்டால் தெரியும், கயிறு அறுந்து போகிற அளவுக்கு ஆட்டும்.

அதனால்தான் எங்கள் கடற்கரைச் சாலை ஓரம் கருங்கல் பாறைகளைச் சரிவாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒழுங்கில்லாமல் கிடக்கும். அந்த ஒழுங்கின்மைதான் வேலை செய்கிறது. அலை பாறை இடுக்குகளில் புகுந்து, சுழன்று, நுரைத்து, ஆற்றலைத் தொலைத்துவிடும். திரும்புவது கொஞ்சம். நல்ல மணல் கரை இன்னும் மேல். மெல்ல மெல்ல ஆழம் குறைவதால் "இங்கே எல்லை, இங்கே மோது" என்று சொல்ல ஓர் இடமே கிடையாது. அலை உடைந்து, ஏறி, களைத்துப்போகும். அந்த மணல் கரை போனபிறகுதான் கல் கொட்டவேண்டி வந்தது என்பது வேறு கதை, இங்கே ஆரம்பித்தால் இழை திசை மாறிவிடும்.

ஸ்கேன்_அக்கா

பல நாளாக வாசிக்க மட்டும் வருவேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தொழிலே தெறிப்பு பார்ப்பதுதான்.

அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது வயிற்றில் சில்லென்று ஒரு ஜெல் தடவுவோம். "இது எதற்கு, வழுக்கவா?" என்று கேட்காத ஆளில்லை. வழுக்கவும்தான். ஆனால் உண்மையான காரணம் நேர்கோடு சொன்ன அந்தக் கணக்கு. காற்றின் முரண்டு சுமார் 400 என்று வைத்தால், உடல் திசுவின் முரண்டு சுமார் 16 லட்சம். கருவிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே ஒலியில் 99.9 சதவீதம் அங்கேயே திரும்பிவிடும். திரையில் வெறும் கறுப்பு. ஜெல்லின் முரண்டு தோலை ஒட்டியே இருப்பதால் ஒலி எல்லையைக் கவனிக்காமலே உள்ளே போகிறது.

உள்ளே போனபிறகு அதிகம் தெறித்தாலும் பிரச்சினை, தெறிக்காமலே இருந்தாலும் பிரச்சினை. கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே ஒரு சதவீதம் அளவுக்குத்தான் திரும்பும். அந்த ஒன்றில்தான் எங்கள் படம். மிச்சம் 99 இன்னும் ஆழமாகப் போய் அடுத்த எல்லையைக் காட்டும். பித்தப்பைக் கல் என்றால் பளிச்சென்று தெரியும், அதற்குப் பின்னால் நீளமாக நிழல் விழும், ஏனென்றால் பின்னால் போக ஒலி மிச்சமில்லை. குடலில் வாயு இருந்தால் கதை முடிந்தது. அடிவயிறு ஸ்கேனுக்குச் சிறுநீர் முட்ட முட்ட வரச் சொல்கிறோமே, அது உங்களைப் படுத்துவதற்கு அல்ல. நிறைந்த சிறுநீர்ப்பை வாயு நிறைந்த குடலைத் தள்ளிவிட்டு, ஒலி போக ஒரு ஜன்னலாக நிற்கும்.

மழைக்குருவி

அக்கா, அந்த முட்ட முட்ட உட்கார்ந்த நாட்களை எல்லாம் நினைவுபடுத்திவிட்டீர்கள். காரணம் தெரிந்து உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் குறைவாகத் திட்டியிருப்பேன்.

மகள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறாள். அவள் கேள்வி: ஒளியும் தலைகீழாகுமா? கண்ணாடியில் முகம் ஒன்றும் தலைகீழாகத் தெரியவில்லையே?

நேர்கோடு

கண்ணாடியில் முகம் தெரிவது ஒளி எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. நாம் பேசுவது அலையின் மேடு பள்ளம் பற்றி. ஒளியின் மேடு பள்ளத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, விநாடிக்குச் சுமார் 500 லட்சம் கோடி முறை ஆடுகிறது. ஆனால் தலைகீழாகிறது என்பதற்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி ஒன்று குளியலறையில் இருக்கிறது.

ஒரு கம்பி வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கிச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்னால் கறுப்புத் துணி இருந்தால் நல்லது. நீர் கீழே வடிய வடிய, வண்ணப் பட்டைகள் இறங்கும். உடைவதற்குச் சற்று முன் படலத்தின் மேல்பகுதி கறுத்துவிடும். அங்கே ஓட்டை விழவில்லை, படலம் இருக்கிறது, ஆனால் ஒளி திரும்பவில்லை.

ஏன்? படலத்தின் முன்பக்கத்தில் காற்றிலிருந்து நீருக்குப் போகும்போது திரும்பும் ஒளி தலைகீழாகிறது. பின்பக்கத்தில் நீரிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில் திரும்பும் ஒளி தலைகீழாவதில்லை. படலம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத அளவுக்கு மெலிந்துவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் வரும், ஒன்று மேடு, ஒன்று பள்ளம். கூட்டினால் சுழியம். இரண்டும் நேராகத் திரும்பியிருந்தால் அந்த இடம் பளபளத்திருக்கும். கறுப்பாக இருப்பதே சாட்சி.

ஓர் எச்சரிக்கை. பாடத்தில் "அடர்மிகு ஊடகத்தில் மோதினால் தலைகீழ்" என்று இருக்கும். அந்த அடர்த்தி எடை சார்ந்த அடர்த்தி அல்ல, ஒளி அங்கே மெதுவாகப் போகிறது என்று மட்டுமே பொருள். தேங்காய் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், எடையில் லேசு. ஆனால் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, எண்ணெய்க்கு சுமார் 1.45. ஒளிக்கு எண்ணெய்தான் அடர்மிகு ஊடகம். இந்த ஒரு சொல்லால் எத்தனை பிள்ளைகள் மார்க் இழந்திருப்பார்களோ.

வடமராட்சி

ஒளி என்றதும் ஒன்று சொல்ல ஆசை. கடல் ஏன் நீலம் என்ற பழைய கேள்வி. வானத்தின் நீலம் நீரின் மேற்பரப்பில் தெறிப்பதால்தான் என்பது ரேலி பிரபுவின் கருத்து. 1921 இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சி. வி. ராமன் அதைக் கப்பல் தளத்திலேயே சோதித்தார். கையில் ஒரு நிக்கோல் பட்டகம், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்.

நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில், செங்குத்திலிருந்து சுமார் 53 பாகையில், தெறிக்கும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில்தான் அதிரும். பட்டகத்தைத் திருப்பினால் அந்தத் தெறிப்பை அப்படியே அணைத்துவிடலாம். அணைத்த பிறகும் கடல் நீலமாகத்தான் இருந்தது. முன்னை விட அழகான நீலம். ஆகவே நீலம் மேற்பரப்பில் இல்லை, நீருக்குள்ளிருந்து வருகிறது. மேற்பரப்பின் தெறிப்பை எப்படி அணைப்பது என்று தெரிந்ததால்தான் மேற்பரப்புக்குக் கீழே பார்க்க முடிந்தது. நீர் ஒளியைச் சிதறடிப்பதைத் தொடர்ந்து ஆராய்ந்ததுதான் அவரை நோபல் பரிசு வரை கொண்டுபோனது.

இப்போது போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு குளத்தங்கரையில் நின்றால் மீன் தெரியும். அதே சங்கதி.

ஒருவரி

எல்லாம் சரி, என் வீட்டுச் சுவர் ஏன் முகம் காட்டுவதில்லை? வெள்ளையடித்து ஒரு வருடம்தான் ஆகிறது.

பழைய_லேப்

கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு உங்கள் சுவர் ஒரு மலைத்தொடர். ஒவ்வொரு மேட்டிலும் ஒவ்வொரு திசையில் சிதறிவிடும். ஆனால் பேச்சொலியின் அலைநீளம் முழக்கணக்கில் வரும். ஒலிக்கு அதே சுவர் வழுவழுப்பான கண்ணாடி. காலி வீட்டில் பேசிப் பாருங்கள்.

கண்ணாடி என்பது பொருளில் இல்லை, அலைக்கும் பரப்புக்கும் உள்ள அளவுப் பொருத்தத்தில் இருக்கிறது. ஊட்டியில் முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 இல் கட்டி முடித்தது. அதன் "கண்ணாடி" வெறும் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள். இடையில் காற்று புகுந்து போகலாம், வெயில் மழை எல்லாம் உள்ளே விழும். ஆனால் அது பிடிக்கும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 92 செ.மீ. அந்த அலைக்குச் சில சென்டிமீட்டர் இடைவெளி கண்ணுக்கே தெரியாது, தகடு போலத்தான் தெறிக்கும். மாணவர்களை ஒருமுறை சுற்றுலா கூட்டிக்கொண்டு போனேன். "சார், கண்ணாடி எங்கே?" என்று கேட்டான் ஒருவன், அதன் அடியிலேயே நின்றுகொண்டு.

மழைக்குருவி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். வார இறுதியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே கிணறு உண்டு, சகடை உண்டு, நல்ல நைலான் கயிறும் உண்டு. மகள் விடவில்லை.

முதலில் வாளியில் தண்ணீர் நிரப்பிப் பாதிக் கிணற்றில் தொங்கவிட்டு, சகடைக்குக் கீழே கயிற்றைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டிய மறுகணமே கையில் ஒரு துள்ளல். அவ்வளவு வேகம். பிறகு கைப்பேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தோம். வலப்பக்கம் புடைத்துக்கொண்டு போனது, இடப்பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது. வாளி அசையவே இல்லை. மகள் கத்திய கத்தலில் எங்கள் அம்மா வெளியே வந்துவிட்டார்.

அடுத்து வாளியை அவிழ்த்துவிட்டு வெறும் கயிற்றைத் தொங்கவிட்டோம். சுமார் 6 மீட்டர். இப்போது அலை சோம்பலாக இறங்கியது, கண்ணாலேயே பார்க்க முடிந்தது, கீழே போகப் போக இன்னும் மெதுவாக. அடி முனை சாட்டை மாதிரி சுழற்றியது. ஆனால் திரும்பி வந்தது வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை. முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி இன்னொரு பக்கம். கட்டாத முனை என்றால் அதே பக்கம் வரவேண்டாமா? நாங்கள் எங்கே தவறு செய்தோம்?

நேர்கோடு

தவறே செய்யவில்லை. பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள்.

தொங்கும் கயிற்றில் இழுவிசை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒவ்வோர் இடத்திலும் அதற்குக் கீழே தொங்கும் கயிற்றின் எடைதான் இழுவிசை. அடி முனையில் அது சுழியம். அலையின் வேகமும் அங்கே சுழியத்தை நோக்கிப் போகிறது. பாடத்தில் சொல்லும் கட்டாத முனை, இழுவிசை மாறாமல் இருக்க, முனை மட்டும் சுதந்திரமாக இருப்பது. உங்கள் கயிற்றில் கூர்மையான முனையே இல்லை, கரையோரன் சொன்ன மணல் கரை மாதிரி ஊடகமே தேய்ந்துகொண்டு போகிறது. கணக்குப் போட்டால் திரும்பும் அலை 0 டிகிரியும் இல்லை, 180உம் இல்லை, கால் சுற்று, 90 டிகிரி தள்ளி வரும். கால் சுற்று தள்ளிய மேடு பார்ப்பதற்கு நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கும்: பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்.

இறங்க எவ்வளவு நேரம் ஆனது? 6 மீட்டர் என்றால் ஒன்றரை விநாடிக்குச் சற்று மேலே வரவேண்டும். கயிறு நைலானா தேங்காய் நாரா என்பது பொருட்டே இல்லை, நீளம் மட்டும்தான்.

மழைக்குருவி

வீடியோவில் எண்ணினோம். 1.6 விநாடி!

பழைய_லேப்

அருமை அம்மா. நான் இத்தனை வருடத்தில் தொங்கும் கயிற்றில் இதைக் கவனித்ததே இல்லை, கிடைமட்டக் கயிற்றோடு நின்றுவிட்டேன்.

சரியான கட்டாத முனை வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். கயிற்றின் முனையில் நாலைந்து அடி தையல் நூலை முடிந்து, நூலின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். கயிற்றைக் கிடைமட்டமாக இழுத்துப் பிடியுங்கள். நூல் இழுவிசையைக் கொடுக்கும், ஆனால் எடையே இல்லாததால் கயிற்றின் முனையை மேலும் கீழும் ஆடவிடும். முடிச்சு இருக்கும் இடத்தைப் பாருங்கள், இரண்டு மடங்கு எழும்புகிறதா என்று.

மழைக்குருவி

செய்துவிட்டோம். அதே நைலான் கயிறு, நூல் மட்டும் என் தையல் பெட்டியிலிருந்து. முதல் தடவை பலமாக இழுத்து நூல் அறுந்தது. இரண்டாவது தடவை மேடு போனது, மேடாகவே வந்தது. சுவரில் அளவுகோலை ஒட்டி வைத்து வீடியோ எடுத்தோம். நடுக்கயிற்றில் 5 செ.மீ., முடிச்சில் 9 செ.மீ. மீதி ஒரு சென்டிமீட்டர் நூல் இழுத்ததில் போயிருக்கும் என்கிறாள் மகள். போயிருக்கலாம், அல்லது நான் அளவுகோலைச் சாய்வாக ஒட்டியிருக்கலாம்.

இப்போது ஊரிலிருந்து அம்மா போன். கிணற்றுக் கயிற்றை எங்கே கொண்டுபோனீர்கள், இரண்டு நாளாகப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கித் தண்ணீர் இறைக்கிறேன் என்கிறார்.